களவெட்டியில் ஒரு கையெழுத்து

"நீங்க செஞ்சது நல்ல காரியம்தான், கனகசிங்கம் அண்ணன். அந்த நல்ல காரியம்தான் இப்ப ஒன்பது பேரையும் கடிக்கப் போகுது."

றோஸ்மேரி இதைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. யோசேப்பு முதலாளியின் ஐஸ் கொம்பனிக்குப் பட்டணத்திலிருந்து வந்து கணக்குப் பார்க்கிறவள் அவள். முதலாளியே என்றாலும், கொள்ளைக்காரனே என்றாலும் ஒரே குரலில்தான் பேசுவாள். கனகசிங்கம் பதினேழு வருஷம் அந்தக் கொம்பனியின் எஞ்சினை ஓட்டியவன். எஞ்சினில் ஒரு ஆணி கழன்றால் வாசலில் நின்றே சொல்லிவிடுவான். இப்போது தன் நல்ல காரியத்துக்குள் ஏதோ கழன்று விழுந்தது அவனுக்கு நன்றாகவே கேட்டது.

சங்கதி இதுதான். தொண்ணூற்றேழாம் வருஷப் பங்குனி மாதம். கடலுக்குப் போக வள்ளங்களுக்கு அனுமதி இல்லை. மீன் வராத ஊரில் ஐஸை யார் வாங்குவார்கள்? நாவற்குடாவில், வாவிக் கரையோடு இருந்த தன் ஐஸ் கொம்பனியை மூடிவிட்டு, மகனிடம் கனடாவுக்குப் போய்விட முடிவெடுத்தார் யோசேப்பு முதலாளி. கை சுருங்காத மனிசன். வேலை போகிற ஒன்பது பேருக்கும் நட்டஈடாக ஒரு பெருந்தொகையை ஒதுக்கிவைத்து, "எப்பிடிப் பிரிக்கிறதெண்டு நீங்களே பேசி எழுதித் தாங்க" என்று பொறுப்பைக் கனகசிங்கத்தின் தலையில் கட்டினார்.

அங்கேதான் கனகசிங்கம் தன் மூளையைக் காட்டினான்.

மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனம் என்றால் முதலில் வீடு. தாய் குடியிருக்கிற வீடு மூத்தவளுக்குப் போகும். மற்ற ஒவ்வொருத்திக்கும் தகப்பன் ஒவ்வொரு வீடு கட்டி எழுப்பியாக வேண்டும். கனகசிங்கத்துக்கு மூன்று குமர், கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்பிள்ளைகள். ஐஸ் கட்டி இழுக்கிற சாமித்தம்பிக்கு ஐந்து. மற்ற ஏழு பேருக்கும் ஒன்றில் ஆண்பிள்ளைகள், இல்லையென்றால் ஏற்கெனவே கட்டிக்கொடுத்துவிட்ட மகள்மார்.

"செஞ்ச வருஷத்துக்கு இவ்வளவெண்டு எல்லாருக்கும் எடுப்பம். வீட்டில குமர் இரிக்கிற ஆக்களுக்கு, ஒரு குமருக்கு அம்பதாயிரம் வீட்டுக் காசு மேலால வைப்பம்" என்று அவன் கேட்டபோது ஏழு பேரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் பங்கு அதனால் சிறுக்கும் என்று தெரிந்தேதான் போட்டார்கள். கனகசிங்கம் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அந்தக் கடதாசிதான் இப்போது றோஸ்மேரியின் மேசையில் கிடந்தது.

"வேலையால நிப்பாட்டக்குள்ள குடுக்கிற நட்டஈட்டுக்கு அரசாங்கம் ஒரு சலுகை வச்சிருக்கு" என்றாள் அவள். "சம்பளத்தில வெட்டுற மாதிரி வெட்டமாட்டாங்க. அதைத் தனியா எடுத்துக் குறைஞ்ச வீதத்தில வரி போடுவாங்க. ஆனா அந்தத் திட்டம் எல்லா வேலையாளுக்கும் ஒரே மாதிரி இருக்கோணும். இறைவரி ஆணையாளர் பார்த்து ஒத்துக்கொள்ளோணும்."

"நாங்க எல்லாரும் ஒத்துக்கிட்டம்தானே?"

"நீங்க ஒத்துக்கிட்டுக் காணாது. செஞ்ச வருஷத்துக்கு இவ்வளவெண்டா அது எல்லாருக்கும் ஒரே அளவுகோல். குமருக்கு இவ்வளவெண்டா? கபூர் காக்காக்கு நாலும் ஆம்பிளப் பிள்ளை. அவருக்கு அதில ஒரு சதமும் வராது. இது சிலருக்கு மட்டும் செய்யிற சலுகை எண்டு ஆணையாளர் தள்ளிப்போடுவார். தள்ளினா முழுக்காசும் உங்கட இந்த வருஷச் சம்பளத்தோட சேரும். தொகை ஏற ஏற வீதமும் ஏறும். இவ்வளவு காலமும் வரியே கட்டாத ஆக்கள், ஒரே வருஷத்தில பெரிய துரைமார் கட்டுற வரி கட்டுவிங்க."

"ஒன்பது பேருமா?"

"திட்டம் ஒண்டுதானே. பிழைச்சா எல்லாருக்கும்தான்."

கனகசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப வீட்டுக் காசை இதுக்குள்ளால எடுத்துப்போட்டு, தனியா ஒரு துண்டில எழுதினா?"

"அந்தத் துண்டும் திட்டம்தான். ஒரு எழுத்தும் வேணாம். முழுக்காசையும் வருஷக் கணக்குக்கே பிரிச்சு, எல்லாருக்கும் ஒரே அளவா எழுதுங்க. காசு உங்கட கைக்கு வந்த பிறகு அது உங்கட காசு. நீங்க அதை ஆருக்குக் குடுத்தாலும் நான் கேக்கப் போறதில்ல."

யோசேப்பு முதலாளியும் ஒரு முடிச்சுப் போட்டார். "ஒன்பது பேரும் கையெழுத்து வச்சுக் கேட்டத, ஒன்பது பேரும் கையெழுத்து வச்சாத்தான் மாத்துவன். பிறகு ஆரும் வந்து முதலாளி ஏமாத்திட்டானெண்டு சொல்லப்படாது. இண்டைக்குப் பின்னேரம் நான் கொழும்புக்கு வெளிக்கிட்டாகோணும். பொழுதுபட முதல் பொலன்னறுவைப் பாதைய மூடிப்போடுவாங்க. நாளைக்குக் கடதாசிய ஆணையாளரிட்டக் குடுத்துட்டு அடுத்த நாள் பிளேன் ஏறுறன்."

றோஸ்மேரியின் தட்டச்சு தடதடத்தது. ஏழு பேரும் கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள். முற்பகலுக்குள் ஏழு கையெழுத்தும் விழுந்தன. அவர்களுடைய பங்கு கூடுகிறது, வரி குறைகிறது. ஏன் யோசிக்கப் போகிறார்கள்? ஐஸ் அரைக்கிற யோகராசா இரண்டு தரம் கையெழுத்துப் போடலாமா என்றுகூடக் கேட்டான்.

மிஞ்சியது இரண்டு இடம். ஒன்று சாமித்தம்பிக்கு. அவன் வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையில், வேளாண்மை வெட்டி, நெல்லைப் பிரிக்கச் சூடு அடித்துக்கொண்டிருந்தான்.

மற்ற வெற்றிடம் கனகசிங்கத்தினுடையது.

"நீங்க வைக்கலையே?" என்றாள் றோஸ்மேரி.

"சாமித்தம்பியண்ணன் வச்ச பிறகு வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.

*

அடையாள அட்டையை எடுக்க வீட்டுக்குப் போன இடத்தில் மனைவி அன்னப்பூரணியிடம் விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிட்டான். அவள் மீன் அரிந்த கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஒன்றரை இலட்சத்த விட்டுப்போட்டு வரப் போறிங்க?"

"விடல்ல. மற்ற ஆக்கள்ட கையால வரும்."

"எந்தக் கை? யோகராசாட கையா? அந்தக் கை வாங்கத்தான் நீளும்." அவள் எழுந்தாள். "இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. மூத்தவள் கலியாணம் முடிச்சா அவளுக்கு. மற்ற ரெண்டு பேருக்கும் எங்க வீடு? அந்தக் கடதாசியில உங்கட பேர் விழுந்தா, பாயையும் சுருட்டிக்கிட்டு ஐஸ் கொம்பனிக்கே போய்ப் படுங்க. நல்ல குளிர்ச்சியா இரிக்கும்."

வெளியில் கபூரின் ஹொண்டா மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு நின்றது. கொம்பனியின் டிரைவர் அப்துல் கபூர், காத்தான்குடிக்காரன், கனகசிங்கத்துக்கு இருபது வருஷச் சிநேகிதன். மதில் தாண்டி எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"ஏறு மச்சான். பாயையும் கொண்டு வாறியா?"

"பேசாம ஓட்டு."

ஹொண்டா பறந்தது. காத்தான்குடிக் கடைத்தெருவுக்குள் கபூர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. ஆரையம்பதிச் சந்தியில் ஒரு மாட்டு வண்டிலுக்கும் மதிலுக்கும் நடுவே கனகசிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்கு அல்லா தந்தது நாலும் ஆம்புளப் புள்ள" என்று காற்றுக்கு மேலால் கத்தினான் கபூர். "நாலும் கலியாணம் முடிச்சுப் பொண்சாதி வீட்டுக்குப் போயிருவானுகள். எனக்கு ஒரு செங்கல்லும் செலவில்ல. உன்ட குமருக்கும் அவன்ட குமருக்கும் நான் ஏன்டா வரி கட்டணும்?"

"அண்டைக்கு ஏன் கையெழுத்து வச்ச?"

"நீ கேட்ட. வச்சன். நீ கேக்கக்குள்ள ஆணையாளர் ஒருத்தர் இரிக்கார் எண்டு சொன்னியா?"

மண்முனைத் துறையில் ராணுவக் காவலரணுக்கு முன்னால் வண்டி நின்றது. அதற்கு அப்பால் வாவி. வாவிக்கு அப்பால் வேறு ஆட்சி, இயக்கத்தின் ஆட்சி.

"இதுக்கங்கால நான் வரமாட்டன்" என்றான் கபூர், சிரிப்பில்லாமல். ஏன் என்று கனகசிங்கம் கேட்கவில்லை. பள்ளிவாசலில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, ஏழு வருஷமாகக் காத்தான்குடி ஆட்கள் எவரும் அந்தக் கரைக்குப் போவதில்லை. கபூர் ஒரு பூவரச மரத்தடியில் வண்டியைச் சாத்தினான். "கெதியா வா. ஓடம் நிப்பாட்ட முதல் வா. நான் இவடத்தத்தான் நிப்பன்."

*

ஓடம் வாவி நடுவுக்கு வந்தபோதுதான் கனகசிங்கத்துக்குள் அந்தக் குரல் பேசத் தொடங்கியது.

வரி எவ்வளவுதான் கடிக்கட்டுமே. ஒன்றரை இலட்சத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும். கடிபடப் போவது மற்ற ஏழு பேரின் காசுதான். சாமித்தம்பியைக் காணக் கிடைக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். யார் இங்கே வந்து விசாரிக்கப் போகிறார்கள்? முதலாளி பழைய கடதாசியோடு கொழும்புக்குப் போவார். அன்னப்பூரணி மீன் குழம்பு வைப்பாள்.

அந்த நேரம் பார்த்துத் தெற்கிலிருந்து ஹெலி வந்தது.

ஓடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே அசைவில் குந்தினார்கள். ஓட்டி கம்பை நீருக்குள் ஊன்றி அப்படியே நின்றான். ஹெலி தாழ இறங்கி ஒரு வட்டம் போட்டது. வாவித் தண்ணீர் சிலிர்த்து நடுங்கியது. கனகசிங்கம் சட்டைக்குள் இருந்த கடதாசியை இரண்டு கையாலும் பொத்தினான். தலையைப் பொத்த வேண்டும் என்று தோன்றவேயில்லை. இன்னொரு வட்டம். பிறகு அது வடக்கே திரும்பிச் சிறுத்தது.

"இண்டைக்கு நேரத்தோட ஓடத்த நிப்பாட்டப் போறன்" என்றான் ஓட்டி. "திரும்பி வாற ஆக்கள் கெதியா வந்திடுங்க. இனி ஒரு நடைதான்."

கனகசிங்கம் தன் கைகளைப் பார்த்தான். அவை கடதாசியை விட மறுத்தன. சரி, கை முடிவெடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். கரை தட்டியதும் குதித்து ஓடினான்.

கொக்கட்டிச்சோலைக்குப் போகிற உழவு இயந்திரப் பெட்டியில் தொற்றிக்கொண்டு, வயல் வட்டைக்குள் இறங்கி, வரம்பு வரம்பாக ஓடினான். வெட்டிய வயல்கள் வெறுமையாய்க் கிடந்தன. தூரத்தில் தூசி எழுந்த இடம்தான் களவெட்டி, சூடு அடிக்கிற களம். நடுவில் கதிர்க் குவியல். அதன்மேல் உழவு இயந்திரம் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டிருந்தது. வைக்கோலை உதறிக்கொண்டு நின்றான் சாமித்தம்பி. ஐம்பது வயது, நெடிய உடம்பு, தலையில் துண்டு.

"சாமித்தம்பியண்ணன், கொஞ்சம் வெளியால வாங்க."

"பொலி கூட்டி அளந்தாப் பிறகுதான் களத்த விட்டு இறங்குவன். செருப்பக் கழட்டிட்டு நீ உள்ளுக்கு வா."

கனகசிங்கம் செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தான். "அண்ணன், நம்மட காசெல்லாம் போக—"

தூசி படிந்த பெரிய உள்ளங்கை ஒன்று அவன் வாயை அடைத்தது.

"களத்துக்க நிண்டு அந்தச் சொல்லா சொல்லுறாய்?"

எஞ்சினோடு காலம் தள்ளிய கனகசிங்கத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. களவெட்டிக்குள் நிற்கும்போது நெல்லையே பொலி என்றுதான் சொல்வார்கள். இல்லை, குறைந்தது, முடிந்தது, போனது, நட்டம், இந்தச் சொற்களில் ஒன்றாவது வாயில் வந்தால் பொலி பெருகாது. சொன்னவனைக் களத்திலிருந்து இறக்கி விட்டாலும் விடுவார்கள்.

நட்டத்தைப் பற்றிப் பேச வந்தவன், நட்டம் என்ற சொல் இல்லாமல் பேச வேண்டும். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கடதாசியை விரித்தான். "அண்ணன், நாம எழுதின திட்டத்தில அரசாங்கத்தின்ட பங்கு கனக்கப் பெருகும்."

"ஆர்ட பொலிய அள்ளி?"

"ஒன்பது பேர்டையும். குமர் காசெண்டு எழுதினபடியா, திட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இரிக்கணும் எண்ட சட்டத்துக்குள்ள அது நிக்காதாம். இந்தப் புதுக் கடதாசியில எல்லாருக்கும் ஒரே அளவு. இதில ஒப்பம் வச்சா அரசாங்கம் கொஞ்சமா அள்ளும். மற்ற எல்லார்ட பங்கும் நல்லாப் பெருகும்."

"என்டது?"

கனகசிங்கம் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டிய சொல் களத்தில் சொல்லக் கூடாத சொல். மூடினான்.

சாமித்தம்பி சிரித்தான். "நான் ஐஸ் இழுக்கிறவன். எனக்குக் கணக்குத் தெரியாதெண்டு நினைச்சியா தம்பி? என்ட அஞ்சு குமருக்கும் ரெண்டரை இலட்சம். அரசாங்கம் எவ்வளவு அள்ளினாலும் எனக்குப் பழைய கடதாசிதான் லாபம்."

"ஓம். எனக்கும் அப்பிடித்தான்."

"மறுகா ஏன் இவ்வளவு தூரம் ஓடி வந்த?"

"கபூர் துறையடியில வெயிலுக்க நிக்கான்" என்றான் கனகசிங்கம். "நாலு ஆம்பிளப் பிள்ளைக்காரன். நான் கேட்டன் எண்டு நம்மட குமருகளுக்குத் தன்ட பங்கில விட்டுத் தந்தவன். அதுக்காக அவன்ட மிச்சக் காசையும் அரசாங்கம் வந்து அள்ளினா, நான் எந்த முகத்தோட அவன்ட வண்டியில ஏறுற?"

உழவு இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சாமித்தம்பி வைக்கோலை ஒரு உதறு உதறினான்.

"கபூர் சரியான ஆள். மற்ற ஆறு பேரும்? இந்தக் கடதாசிப்படி அவங்களுக்குக் கூட வாற காசு நம்மட குமர்ட காசு. அதைத் திருப்பித் தருவாங்களா? எழுத்து இரிக்கா?"

"எழுதப்படாதாம். எழுதினா அதுவும் திட்டமாம். வாய்ச்சொல்தான்."

"ஆர்ட வாய்ச்சொல்? அவங்களிட்டக் கேட்டியா?"

"இனித்தான் கேப்பன்."

சாமித்தம்பி உதறுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். கேட்காமலே ஏழு பேரின் காசுக்கு வாக்குக் கொடுக்க வந்திருக்கிற ஒருவனை அவன் அதற்கு முன் கண்டதில்லை.

கனகசிங்கம் சாயும் பொழுதைப் பார்த்தான். துறையில் ஓட்டி கயிறு கட்டிக்கொண்டிருப்பான். முதலாளியின் கார் துடைத்து முடிந்திருக்கும். அப்போது அவன் வாயிலிருந்து வந்தது, ஓடத்தில் வரும்போது அவன் யோசித்தே பார்க்காத ஒன்று.

"அண்ணன், வாற காசெல்லாம் முதல்ல உங்கட கைக்கு வரட்டும். என்டையும் சேர்த்துத்தான். உங்கட அஞ்சு குமருக்கும் நிறையட்டும். நிறைஞ்சு வழியிறது என்ட மூணு குமருக்கும். ஆராவது கைய மூடினா அந்தக் கணக்கு என்ட பக்கம் சேரட்டும். உங்கட பக்கம் தொடாது."

"உன்ட பொண்சாதிக்குத் தெரியுமா?"

"அதுவும் இனித்தான்."

சாமித்தம்பி கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான். பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த சுளகைக் கவிழ்த்து அதன்மேல் கடதாசியை வைத்தான். "பேனையத் தா. கையெழுத்து வைக்கக்குள்ளயாவது வாயை மூடிக்கிட்டு நில்லு. நீ பேசப் பேச எனக்குப் பயமா இரிக்கு."

சா, மி, த், த... ஒவ்வொரு எழுத்தாக ஏறியது. கனகசிங்கத்தின் வாழ்நாளில் அவ்வளவு நீளமான பெயரை அவன் கண்டதில்லை.

*

ஓடம் கரையை விட்டு இரண்டு முழம் நகர்ந்துவிட்டிருந்தது. கனகசிங்கம் தண்ணீருக்குள் இறங்கி, கடதாசியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஓட்டியின் ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு ஏறினான்.

இந்தக் கரைக் காவலரணில் ஒரு கோப்ரல் அவனை மறித்தான். சட்டைக்குள் கையை விட்டுக் கடதாசியை இழுத்தான். அந்தக் கரையிலிருந்து வருகிற ஒருவன், அவனிடம் ஒன்பது பேரின் பெயர்கள், கையெழுத்துகள், எதிரே காசுத் தொகைகள்.

"மேக்க மொகத?" இது என்ன என்று கேட்டான்.

கனகசிங்கத்துக்குத் தெரிந்த சிங்களம் ஐஸ் விற்கிற சிங்களம். வியர்த்து விறுவிறுத்து, தெரிந்த ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டான். "டாக்ஸ், சேர். டாக்ஸ்."

அதைவிடக் கெட்ட சொல்லை அந்த இடத்தில் தேடிப் பிடித்திருக்க முடியாது. வாவிக்கு அந்தப் பக்கம் யார் வரி அறவிடுகிறார்கள் என்பது கோப்ரலுக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்தது. கனகசிங்கம் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். பின்னால் வந்த இன்னொரு சிப்பாய் வோக்கியைத் திறந்தான்.

"சேர், சேர்!" பூவரச மரத்தடியிலிருந்து இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வந்தான் கபூர். லொறி ஓடிப் பழகிய அவன் சிங்களம் தண்ணீர்போல ஓடியது. இது நாவற்குடா ஐஸ் கொம்பனிக் கடதாசி. கொம்பனியை மூடுகிறோம். எங்களுக்கு ஒருமுறைக் காசு தருகிறார்கள். கொழும்பில் இருக்கிற உங்கள் அரசாங்கம் அதில் வரி வெட்டப் போகிறது. அந்த வரியைக் குறைக்கத்தான் இந்த மடையன் வாவி தாண்டிப் போய் வந்தான். இதோ, மூன்றாவது பெயர் என்னுடையது. என் அட்டையைப் பாருங்கள்.

கோப்ரல் கடதாசியைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், கபூரைப் பார்த்தான். கபூர் மாதிரி ஒருவன் அந்தக் கரைக்கு வரி கட்டப் போகிறவன் அல்ல என்பது அவனுக்கு மெல்லப் பிடிபட்டது. துப்பாக்கி தோளுக்குத் திரும்பியது. ஆனால் கடதாசியைக் கொடுக்கவில்லை. குரலைத் தணித்து ஏதோ கேட்டான்.

"என்னவாம்?" என்றான் கனகசிங்கம், முழங்காலிலிருந்தபடியே.

"சேவை முடிஞ்சு போகக்குள்ள அவருக்கும் ஒருமுறைக் காசு வருமாம். அதிலயும் வெட்டுவாங்களா எண்டு கேக்கார்."

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"எனக்கும் தெரியா. றோஸ்மேரி மிஸ்ஸிட்டக் கேட்டு வந்து சொல்லுறம் எண்டு சொல்லிட்டன்."

கோப்ரல் கடதாசியையும் அட்டையையும் திருப்பித் தந்தான். ஹொண்டா கிளம்பியது. ஆரையம்பதி தாண்டும் வரை கனகசிங்கம் கடதாசியைச் சட்டைக்குள் பொத்திப் பிடித்திருந்தான். பிறகு கபூரின் முதுகைப் பார்த்துச் சொன்னான்:

"மச்சான், உனக்குக் கூட வாற காசை சாமித்தம்பியண்ணனுக்குத் தாறதெண்டு வாக்குக் குடுத்திட்டன்."

வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி நேரானது.

"என்ட காசுக்கு நீயா?"

"ஓம்."

"என்னட்டக் கேக்காம?"

"ஓம்."

கபூர் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். "பழைய கடதாசியிலயும் அந்தக் காசு எனக்கில்லத்தானேடா. எனக்கில்லாத காச நீ ஆருக்குக் குடுத்தா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, பிடியை முழுதாக முறுக்கினான். "மற்ற ஆறு பேரிட்டயும் நீதான் போய்ச் சொல்லணும். நான் வரமாட்டன்."

*

யோசேப்பு முதலாளியின் கார் வாசலை விட்டு வீதிக்கு இறங்கிவிட்டிருந்தது. கபூர் ஹொண்டாவை அதற்குக் குறுக்கே போட்டான். பிறேக் கிறீச்சிட்டது. பின் ஆசனத்தில் இருந்த முதலாளி தலையை வெளியே நீட்டினார். வாசல் படலையடியில் றோஸ்மேரி நின்றாள்.

"சாமித்தம்பி வச்சிட்டானா?" என்றார் முதலாளி.

"வச்சிட்டார்."

றோஸ்மேரி கடதாசியை வாங்கிப் பார்த்தாள். "ஒண்டு குறையுது, அண்ணன்."

எல்லாரும் கனகசிங்கத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு மூன்று மகள்மாரின் முகமும், மீன் கத்தியோடு நின்ற அன்னப்பூரணியும் ஒரே கணத்தில் வந்து போனார்கள். காரின் சூடான முன்மூடியில் கடதாசியைப் பரப்பினான். யோசேப்பு முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"கனகசிங்கம், உனக்குத்தானே இதில நட்டம்?"

"அந்தச் சொல்ல இண்டைக்கு நான் கேக்க ஏலாது, முதலாளி" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டான்.

கார் போன வேகத்தில் வீதி மண் அவர்கள் முகத்தில் அடித்தது.

*

ஆணையாளர் ஒத்துக்கொண்டதாகக் கடிதம் வந்து, காசு வங்கிக்கு வந்து சேர ஆவணி மாதம் ஆகிவிட்டது. வரி வெட்டியிருந்தார்கள்தான், எல்லாரும் பயந்திருந்ததோடு ஒப்பிட்டால் அது எறும்புக் கடி. கனகசிங்கத்துக்கோ அன்றைக்குக் காலையிலிருந்து கவலை வேறொன்று. ஆறு பேரிடமும் அவன் போய்க் கேட்டிருந்தான். ஆறு பேரும் "பார்ப்பம்" என்றிருந்தார்கள்.

வங்கிக்கு எதிரே வாகை மரத்தடியில் சாமித்தம்பி துண்டை விரித்துக் குந்தியிருந்தான். முதலில் கபூர் வந்தான். ஒரு கட்டை எண்ணாமலே துண்டில் போட்டான். "அஞ்சு மருமகள்மாருக்கும் மாமாட சலாம் சொல்லு." அடுத்தவன் வந்தான். அவனுக்கடுத்தவன் இரண்டு தாளைத் திரும்ப எடுத்து, யோசித்து, மறுபடி போட்டான். கனகசிங்கம் தன் பங்கில் கூடி வந்ததைப் போட்டான். ஒவ்வொரு தரமும் வங்கிக் கதவு திறக்கும்போது அவன் எட்டிப் பார்த்தான்.

யோகராசா வரவில்லை. பின்பக்கத்தால் இறங்கிக் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டான் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

சாமித்தம்பி தன் ஐந்து குமருக்கும் உரியதை எண்ணி எடுத்தான். மிஞ்சியதைத் துண்டோடு கனகசிங்கத்தின் மடியில் வைத்தான். ஒன்றரை இலட்சமாக இருக்க வேண்டியது ஒரு இலட்சத்துக்கும் கொஞ்சம் உள்ளேதான் இருந்தது. சாமித்தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசின பேச்சு இதுதான் அண்ணன்" என்று எழுந்துவிட்டான் கனகசிங்கம்.

வீட்டு வாசலில் அன்னப்பூரணி காத்துக்கொண்டு நின்றாள். துண்டை வாங்கினாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யோகராசாவா?"

"ஓம்."

"நான் அண்டைக்கே சொன்னன்."

"சொன்ன."

"மற்ற ஆக்கள்?"

"எல்லாரும் தந்தாங்க. கபூர் எண்ணிக்கூடப் பாக்கல்ல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எழுதாத ஒரு வாக்குக்கு ஆறு ஆம்பிளைகள் காசை எடுத்துத் தந்ததை நம்புவதா விடுவதா என்று அவள் முகத்தில் ஒரு சண்டை நடந்தது. பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, துண்டை அவன் கையில் திணித்தாள்.

"நடுவிலாளுக்கு ஒரு வீடு எழும்பும். சின்னவளுக்கு அத்திவாரம் போடலாம். மிச்சத்துக்கு நீங்க இன்னொரு எஞ்சின் தேடிப் பிடிக்கணும். வாங்க, பொழுது இரிக்கக்குள்ள அளந்து பாப்பம்."

அவள் வளவின் கிழக்கு மூலைக்கு விறுவிறென்று நடந்தாள். கனகசிங்கம் காசை எங்கே வைப்பதென்று தெரியாமல், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கயிறும் கட்டையும் தேடி ஓடினான்.